வெள்ளிக்கிழமை மோட்டார்கள்

உங்கள் வரைவு அறிக்கை வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்றவளுக்கு அனுப்பினால் மேலாகப் புரட்டிவிட்டு 'நன்று' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. அடிக்குறிப்புகளையும் சேர்த்துப் படித்தேன்.

நடுவில் ஒரு வரைபடம் வருகிறது. விவசாய மின்மாற்றிகளில் பொருத்திய புதிய மீட்டர்கள் கால் மணிக்கு ஒரு முறை எடுத்த அளவு. ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றை ஒட்டிய சில ஊர்களில் வாரம் முழுக்க அந்தக் கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எழுந்து நிற்கிறது. கால் மணி நேரம் நின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. அதன் கீழே நீங்கள் எழுதியிருப்பது: "இவை பயன்பாட்டில் இல்லாத இணைப்புகள். ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம்." வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தனியாக ஓர் அடிக்குறிப்பு: "மீட்டர் கோளாறாக இருக்கலாம்."

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கால் மணி நேரத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதை வைத்து உங்களைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்து, அச்சிலும் ஏற்றியிருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் உங்கள் அறிக்கை மின்சாரத் துறைக்குப் போகிறது. அதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊரின் பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கு வரைபடம் இருக்கிறது, கண்டுபிடித்துக்கொள்வீர்கள். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

நான் பொருளாதாரத்துக்கு வந்த வழியே கோணல். ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். டாலர் விலை ஏறினால் முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தருவார். இறங்கினால் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். எங்கேயோ இருக்கிற டாலர் என் தலைக்கு மேல் இருக்கிற விசிறியை எப்படி நிறுத்துகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்து, அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தேன். பிறகு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். தலைப்பு, டாலரும் தோலும்.

வேலூரில் இருந்த என் வழிகாட்டி தலைப்பைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"டாலரப் பத்தி எழுத உலகம் பூரா ஆள் இருக்காங்கம்மா. உங்க ஊர்க் கிணத்தப் பத்தி எழுத ஒருத்தரும் இல்ல. போட்டி கம்மி."

சுற்றுச்சூழல் ஆய்வுக்கு நான் வந்தது இப்படித்தான். பின்னாளில் மேடைகளில் வேறு காரணங்கள் சொல்லியிருக்கிறேன். போட்டி கம்மி என்பதுதான் உண்மை.

கிணற்றுக் கதை உங்களுக்குத் தெரியும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வரும். அதைக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் எத்தனையோ வருஷமாக நிலத்தில் இறங்கி, கிணற்றுக்குக் கிணறு உப்பாக்கிவிட்டது. எந்த ஊர்க் கிணறு இன்னும் உபயோகத்தில் இருக்கிறது, எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. ஜனங்களைக் கேட்டால் எல்லோரும் "உப்பு, டீச்சர்" என்பார்கள். ஆனால் நான் அப்போது புதிதாகப் பொருளாதாரம் படித்தவள். மனிதர்கள் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளக் கூடாது, கையால் செய்வதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொல்லிக்கொண்டே மோட்டார் போட்டால், தண்ணீர் கெடவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

எனவே நான் தண்ணீரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு மோட்டாரைப் பார்க்கப் போனேன்.

எங்கள் கல்லூரி முஸ்லிம் அறக்கட்டளை நடத்துவது, வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். ஞாயிறு ஆராதனை நடக்கும் நேரத்தில் நான் தேவை, அளிப்பு என்று கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு அதில் தீராத மனக்குறை. ஆக, களப்பணிக்கு எனக்குக் கிடைத்த நாள் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். ஒரு வருஷம் முழுக்க, மழையோ வெயிலோ, வெள்ளிக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். என் ஒழுங்கைப் பற்றி எனக்கே பெருமை.

போன நாளெல்லாம் மோட்டார் ஓடியது. ஒரு கிணறு, இரண்டு கிணறு இல்லை, ஏறத்தாழ எல்லாக் கிணறுகளிலும் ஓடியது. மோட்டார் கொட்டகையைப் பெருக்கி, சுவிட்சுப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அப்புறம் போடுவார்கள். குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டும். "தினமும் ஓடுதா?" என்று கேட்டால் "ஓடுது, ஓடுது" என்று அவசரமாகச் சொல்வார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் புலம்புகிறவர்கள் மோட்டாரைப் பற்றிக் கேட்டால் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்க்கவில்லை. சுற்றிலும் நிலம் பச்சையாக இருந்தது. நான் ஆம்பூர் டவுனில் பிறந்தவள். பச்சையாக இருந்தால் பயிர் என்று எழுதிக்கொண்டேன். அதில் பாதி மழைக்கு வந்த கேழ்வரகு, மீதி சீமைக்கருவேல் என்று பிறகு தெரிந்தது.

அந்த ஆய்வு கட்டுரையாக வெளிவந்தது. அதில் ஒரு வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். "இவ்வூர் மக்கள் கிணற்று நீரைக் குறை கூறுகின்றனர்; ஆயினும் அதை இடைவிடாது பயன்படுத்தியே வருகின்றனர்." அரைப்புள்ளி போடுவதா, கமா போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சில வருஷம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உப்பாகிப்போன ஊர்களுக்கு வெளியிலிருந்து குழாயில் குடிநீர் கொண்டுவர மாவட்டத்தில் ஒரு குழு அமைத்திருந்தார்கள். ஊர்களின் பட்டியலை முடிவு செய்யும் கூட்டத்துக்கு நிபுணராக வரும்படி அழைப்பு. கடிதத்தோடு இணைப்பு. அந்த ஊரின் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் காரணமாக என் வாக்கியத்தைப் போட்டிருந்தார்கள். அரைப்புள்ளியோடு.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரசுத் தாளில் என் வாக்கியம். நான்கு பிரதி எடுத்தேன். கூட்டத்துக்கு அடுத்த வாரம் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு நேர்முகத் தேர்வு இருந்தது. அதற்கும் ஒன்று ஆகும் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு மோட்டார் புகைந்துவிட்டது. கல்லூரி முடிந்து, மோட்டாருக்குக் காயில் கட்டும் சலீம் பாயின் கடைக்கு ஆட்டோவில் எடுத்துப் போனேன். கடை முழுக்க விவசாய மோட்டார்கள். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் ஊர்ப் பெயர். அவர் காயிலை உருவிக்கொண்டே பேசுவார். நானும் பேசுவேன். பேச்சுவாக்கில் அழைப்பு வந்ததைச் சொன்னேன். அந்த ஊரின் பெயரையும் சொன்னேன்.

"அந்த ஊரா?" என்றார். "அந்த ஊரு மோட்டாரு எங்கைக்கு வந்து எட்டு வருஷத்துக்கு ஜாஸ்தி ஆவுது."

"அவ்ளோ நல்லா ஓடுதுன்னு அர்த்தம், பாய்."

கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. ஓடுற மோட்டாருதான் எரியும். எரிஞ்சாதான் இங்க வரும். எட்டு வருஷமா ஒண்ணுகூட வரலன்னா, ஒண்ணுகூட ஓடலன்னு அர்த்தம்."

"நான் எங்கண்ணால பாத்தேன், பாய். ஒரு வருஷம் பூரா பாத்தேன்."

"எப்போ?"

"வாராவாரம் வெள்ளிக்கிழமை."

சலீம் பாய் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் பேசுகிற ஆள்.

"வெள்ளிக்கிழமை என்னிய மசூதில பாக்கலாம். அத வெச்சி, இந்த ஆளு வாரம் பூரா மசூதிலயே கீறான்னு எழுதிடுவீங்களா?"

நான் மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். கூட்டம் வியாழக்கிழமை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கவனித்தது சத்தம் இல்லாததைத்தான். விவசாய மோட்டாருக்கான த்ரீ ஃபேஸ் கரெண்ட் இருக்கிற நேரம். எங்கேயும் ஒரு மோட்டார் ஓடவில்லை. ஆடு கத்துவது கேட்டது.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தவர் சரோஜாக்கா. ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் அவருக்கு. புருஷன் இல்லை. மகன் ஷூ கம்பெனியில் அட்டை ஒட்டுகிறான். என் கட்டுரையில் அவருடைய கிணறுதான் முதல் வரிசையில் இருந்தது.

"இன்னா டீச்சர், கெழம மாறி வந்துட்டீங்க?"

அந்த ஒரு கேள்வியில் என் ஆய்வு முழுவதும் இருந்தது.

"மோட்டார் ஓடலியாக்கா?"

என்னைப் பார்த்தார். கையிலிருந்த பையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஜீப் ஏதாவது வருகிறதா என்று பார்த்தார். பிறகு, "வாங்க" என்று கிணற்றுப் பக்கம் நடந்தார்.

தொட்டிக்கு ஒரு வாய் உண்டு. அந்த வாயிலிருந்து ஒரு சிமெண்டு வாய்க்கால். மூன்றே அடி. அது நிலத்துக்குப் போகவில்லை. வளைந்து மறுபடி கிணற்றுக்குள் இறங்கியது. கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீரை அதே கிணற்றில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் நான் அதைத் தொட்டியின் இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் போய்ப் பார்க்க நான்கு எட்டு வைத்திருந்தால் போதும்.

"வெளிய வுட்டா நெலம் பூடும். மானாவாரி கேழ்வரகுகூட வராது. அதான் அதுலயே ஊத்துறது."

"அப்ப எதுக்குக்கா போடுறீங்க?"

"போடலன்னா கனெக்‌ஷன் பூடுமே."

இதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம், ஆனால் இணைப்பு வாங்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சரோஜாக்கா சொன்னது இது:

"எங்க மாமனாரு கரெண்டுக்கு எழுதிக் குடுக்கும்போது நானு இந்த ஊட்டுக்கு வர்ல. நான் வந்து, புள்ள பொறந்து, அவன் பள்ளிக்கோடம் போற வருஷம் கம்பி இழுத்தாங்க. மாமனாரு பாக்கல. கெணறு பாழுன்னு தெரிஞ்சா பிடுங்கினு பூடுவாங்க. நாளைக்கே தண்ணி திரும்புச்சின்னு வெய்யி, மறுபடி போய் வரிசைல நிக்கணும். தண்ணி போனா என்னிக்காவது வரும் டீச்சர். கரெண்டு போனா வராது."

"தண்ணி வரும்னு நெனக்கிறீங்களா?"

"மாட்டுக்குக் காட்டுவேன் வாராவாரம். மோந்து பாக்கும். பாத்துட்டு என்னப் பாக்கும். இன்னும் குடிக்கல."

வெள்ளிக்கிழமைதோறும் மோட்டாரோடு சேர்த்து மாட்டையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நான் அதைக் கால்நடை எண்ணிக்கையில் சேர்த்திருந்தேன்.

பையிலிருந்து அரசுத் தாளை எடுத்துப் படித்துக் காட்டினேன். குழாய்ப் பட்டியலில் ஊர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். காரணம் தெரியாது. காரணம் எதிரே நிற்கிறது என்று சொன்னேன்.

"உங்கப்பா இன்னா வேல, டீச்சர்?"

"தோல் கம்பெனில தோலு அளக்குற வேல. இப்ப இல்ல."

"அப்ப இது உங்க தண்ணிதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது யார் ஆடு என்று அடையாளம் சொல்வதுபோலச் சொன்னார்.

வியாழக்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிடாதீங்க."

"சொல்லலன்னா பைப்பு வராதுக்கா."

"சொன்னா கனெக்‌ஷன் பூடும். அந்தக் கூட்டத்துல கரெண்டு ஆபீஸ்காரரு இருப்பாரா இல்லியா?"

இருப்பார். அழைப்பில் பெயர் போட்டிருந்தது.

"அப்ப ரெண்டுல எது முக்கியம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். எங்கள் படிப்பு முழுவதும் இந்த ஒரு கேள்விதான். ஒன்றை அடைய எதை விட்டுக்கொடுப்பாய்?

"இன்னா கேள்வி இது?" என்றார் சரோஜாக்கா. "ரெண்டும்தான்."

அந்தப் பதிலுக்கு எங்கள் கேள்வித்தாளில் கட்டம் கிடையாது.

சாயங்காலம் வழிகாட்டிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் பதறவில்லை.

"பிழைத்திருத்தம்னு ஒண்ணு இருக்கும்மா. அடுத்த இதழ்ல கடைசிப் பக்கத்துல போட்டுக்கலாம். யாரும் படிக்க மாட்டாங்க."

"வியாழக்கிழமை பட்டியல் முடிஞ்சிடும், சார்."

"அதனாலதான் சொல்றேன். இப்ப அந்தக் கட்டுரைய நீயே கிழிச்சா, சென்னைல எதக் காட்டுவ?"

நல்ல மனிதர். என் நன்மைக்குத்தான் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அந்தப் பட்டியலுக்கும் அந்த ஊருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை முழுவதும் வகுப்பில் நான் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. சலீம் பாய் கேட்டதுதான் திரும்பத் திரும்ப வந்தது. எப்போ? வெள்ளிக்கிழமை. ஒரு கட்டத்தில் எனக்கு உறைத்தது. அவர் அந்த ஊரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொன்னார். மோட்டார் ஏன் ஓடுகிறது என்பது அவர்கள் விஷயம். நான் ஒரே கிழமையில் போனேன் என்பது என் விஷயம். என் கட்டுரையைக் கவிழ்க்க என் விஷயமே போதும்.

வியாழக்கிழமை கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். பின்வரிசையில் அந்த ஊரிலிருந்து நான்கு பேர், சரோஜாக்காவும். என் முறை வந்ததும் எழுந்து சொன்னேன்.

"இணைப்புல இருக்கிற என் அட்டவணை செல்லாதுங்க. அந்த ஒரு வருஷமும் நான் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போனேன். அன்னிக்குத்தான் எங்க கல்லூரி லீவு. ஒரே ஒரு கிழமையப் பாத்துட்டு 'இடைவிடாது'ன்னு எழுதினது என் தப்பு. கட்டுரைய வாபஸ் வாங்குறேன். கிணத்துத் தண்ணிய எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்க. மோட்டாரப் பாத்து முடிவு பண்ண வேணாம்."

தலைவராக இருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதைச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமாங்க."

யாரோ ஒருவர் இருமலுக்குள் சிரித்தார். அப்போது மின்சாரத் துறைப் பொறியாளர் கையைத் தூக்கினார். பருத்த மனிதர். அதுவரை பிஸ்கட் தட்டைத் தவிர வேறு எதிலும் அக்கறை காட்டாதவர்.

"மேடம், ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை ஓடுது. சரி. மத்த நாள்ல ஓடுதா, ஓடலியா?"

பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. பார்த்தால் பதில் சொன்னமாதிரி. செவ்வாய்க்கிழமை அந்த ஊரில் ஆடு கத்தியது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

"என் ஆய்வுல மத்த நாள் இல்லைங்க. இல்லாத நாளப் பத்தி நிபுணரா நான் பேசக் கூடாது. ஒரு தடவ பேசி, இப்பதான் வாபஸ் வாங்கினேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. எனக்கு வேற கேள்வி இல்ல" என்றார். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். ஊரைப் பட்டியலிலிருந்து நீக்கியதை நிறுத்திவைத்து, தண்ணீர் மாதிரி எடுக்க உத்தரவானது.

வெளியே டீக்கடையில் பொறியாளர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து இன்னொரு டீ சொன்னார்.

"வெள்ளிக்கிழமை மட்டும் போனீங்களா?"

"ஆமா சார்."

"எங்க லைன்மேனும் அங்க வெள்ளிக்கிழமதாம்மா செக்கிங் போவாரு. நான்தான் அப்படிப் போட்டுக் குடுத்தேன்."

எனக்கு டீ சுட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா உள்ள ஏன் சார் கேட்டீங்க?"

"நீங்க இன்னா சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியணும் இல்ல? நீங்க 'ஓடல'ன்னு சொல்லியிருந்தா கூட்டத்து மினிட்ஸ்ல ஏறியிருக்கும். ஏறிட்டா திங்கக்கிழம நானே ஆள் அனுப்பிக் கட் பண்ணணும். ஏறாத வரைக்கும் எனக்குத் தெரியாது."

டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவுகிற வாளியில் போட்டுவிட்டுப் போனார். மின்சாரக் கொள்கை என்று ஒரு துறை இருப்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சோதனை முடிவு வந்து ஊர் பட்டியலில் ஏறியது. குழாய் வர மேலும் நான்கு வருஷம் ஆனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. சென்னை நேர்முகத் தேர்வில் "உங்கள் முக்கியமான கட்டுரை எது?" என்று கேட்டார்கள். போன வாரம் வாபஸ் வாங்கினேன் என்றேன். வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கிற அறைகள்தாம்.

இதுவரை சொன்னதைப் பல பயிலரங்குகளில் ஊர்ப் பெயர் இல்லாமல் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட பகுதி இனிமேல்தான்.

கட்டுரை என் முதல் தவறு. அதை ஒரே நாளில் திருத்திவிட்டேன். இரண்டாவது தவறு, அதற்குப் பிறகு எழுதாமல் விட்டது. மின்சாரக் கொள்கையில் எத்தனையோ அறிக்கைகள் எழுதினேன். உப்பாகிப்போன கிணற்றுக்காரருக்கு, மோட்டார் சும்மா இருந்தாலும் இணைப்பு அவர் பெயரிலேயே இருக்கட்டும், தண்ணீர் திரும்பினால் வரிசையில் நிற்காமல் ஓட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு பத்தி எழுதியிருக்கலாம். எழுதினால் ரகசியம் உடைந்துவிடும் என்று பயந்தேன். ஒரு பொறியாளரின் தயவிலும் ஒரு லைன்மேனின் கிழமையிலும் ஓர் ஊரை விட்டுவைத்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டேன். பொறியாளர் ஓய்வுபெற்றுவிட்டார். லைன்மேனுக்குப் பதில் இப்போது உங்கள் மீட்டர் இருக்கிறது. அதற்குக் கிழமை பார்க்கத் தெரியாது. அது எல்லாவற்றையும் மினிட்ஸில் ஏற்றிவிடும்.

ஆகவே மறைக்கச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. வரைபடம் அப்படியே இருக்கட்டும். கீழே இருக்கிற இரண்டு வரியை மட்டும், போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். "பயன்பாட்டில் இல்லாத" என்று எழுதினால் அடுத்த வரி தானாக "ரத்து" என்று வந்துவிடும். என் அரைப்புள்ளிக்குப் பின்னால் வந்ததுபோல. நான் எழுதாத பத்தியை நீங்கள் எழுதுவீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேலை புதிது, துறை பெரிது, என் வழிகாட்டி மாதிரி நல்ல மனிதர்கள் உங்களுக்கும் இருப்பார்கள்.

நேற்று சரோஜாக்காவுக்குப் போன் செய்தேன். வயதாகிவிட்டது, காது மந்தம். பேரன் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தான்.

"எங்க ஆபீஸ் பசங்க ரெண்டு மூணு பேரு கிணத்தப் பாக்க வருவாங்கக்கா."

"இன்னா கெழம?"

"செவ்வாய்க்கிழம."

"மோட்டாரு போட்டு வெக்கட்டா?"

"வேணாம். சும்மா கெடக்கட்டும். அப்படியே பாக்கட்டும். நம்ம ஆளுங்கதான்."

"அத நீங்க சொல்றீங்க, டீச்சர்" என்றார் சரோஜாக்கா. "அவங்க சொல்லட்டும்."